உமிழ்வு என்றால் உமி இல்லை

ஆரணியில் நான் கட்டினது என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா பின்னால் வருவார்.

ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, நாலாவதோடு படிப்பை விட்டு, களம்பூர் ரைஸ் மில்லில் உமி மூட்டை தூக்கினவன் நான். அந்தத் தோளை நம்பித்தான் ஒரு சாயப்பட்டறை போட்டேன். ஒரு கொப்பரையில் ஆரம்பித்தது, இன்றைக்கு எட்டுக் கொப்பரை. தண்ணீர் வராது என்று இரண்டு பேர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து பார்த்துச் சொன்ன இடத்தில் போர் போட்டேன். வந்தது. எல்லாரும் விறகு வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்த தெருவில் உமி பாய்லர் வைத்த முதல் ஆள் நான். “பாய்லர் வெடிச்சு கூரையோட போவப் போறான் பாரு” என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். வெடிக்கவில்லை. பந்தயம் கட்டினவர்களில் ஒருத்தருடைய மகன் ஏழுமலைதான் இன்றைக்கு அந்த பாய்லருக்கு உமி தள்ளுகிறான். ஊர் ஊராகப் பட்டுக் கடை வைத்திருக்கிற பெரிய ஜவுளிக் கம்பெனி ஒன்று, பங்கு மார்க்கெட்டில் பேர் ஓடுகிற கம்பெனி, அவர்களுக்குப் பட்டு நூல் சாயம் போட்டுக் கொடுக்கிற இருபது பட்டறையில் என்னுடையதும் ஒன்று. பதினெட்டுக் குடும்பம் அதில் சாப்பிடுகிறது.

இதெல்லாம் என் கண்ணால் பார்த்தது. அதனால் இதற்குப் பக்கத்தில் ‘ப’ போட்டுக்கொள்ளலாம்.

இந்த ‘ப’ என் சொத்து இல்லை. அந்த அம்மாவுடையது. நீளமான நோட்டு ஒன்று வைத்திருப்பார். அதில் எதை எழுதினாலும் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு எழுத்து. தானே பார்த்ததற்கு ‘ப’. ஒருத்தர் சொல்லிக் கேட்டதற்கு ‘கே’. யாரோ நினைத்துக்கொண்டு சொன்னதற்கு ‘நி’. இந்த மூன்று எழுத்துக்குள் உலகத்தையே அடக்கிவிடுவார். “இன்னிக்கு மழை வரும் மேடம்” என்று நான் சும்மா பேச்சுக்குச் சொன்னாலும், “அது நி-ங்க” என்பார்.

மூன்று நாள்தான் என் பட்டறையில் இருந்தார். ஆனால் முப்பது வருஷம் என்னோடு தொழில் செய்தவர்களைவிட அந்த மூன்று நாள் ஆளைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் வந்த காரணம் என்னுடைய கையெழுத்து. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கம்பெனியில் இருந்து எல்லாப் பட்டறைக்கும் ஒரு தாள் வந்தது. பங்கு வாங்கினவர்களுக்குக் கம்பெனி வருஷா வருஷம் ஒரு புஸ்தகம் போடுகிறதாம், அதில் எழுதுவதற்காம். தாளைத் தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். பட்டறையில் பி.காம் படித்த கிளார்க் ஒருத்தர் இருக்கிறார். அவரைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. என் பட்டறைத் தாளை நான்தான் எழுதுவேன்.

மூன்றாவது வரியில் ‘கரிம உமிழ்வு, ஆண்டுக்கு எத்தனை டன்’ என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கரி என்று இருக்கிறது, உமி என்று இருக்கிறது. மிச்ச எழுத்தெல்லாம் சர்க்கார் தமிழ், வால் மாதிரி பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு அர்த்தம் கிடையாது என்று முடிவு பண்ணினேன். நம்மைக் கேட்பது கரி எவ்வளவு, உமி எவ்வளவு, அவ்வளவுதானே? கரி இல்லை, உமி நூற்று நாற்பது டன் என்று பெரிசாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உமி எரிப்பது எனக்குப் பெருமை. இன்னும் இருபது டன் கூட்டி எழுதலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியில் நூல் பிரித்துக் கொடுக்கிற ஆபீசர் போன் பண்ணினார். இருபது பட்டறையில் உமிழ்வு அதிகம் என் பட்டறைதான் என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார் என்றேன்.

அப்புறம் சொன்னார், “இத பாதியா கொறைக்கணும்ங்க.”

“உமியக் கொறைச்சா தண்ணி எப்டி சார் காயும்?”

“நான் உமிழ்வச் சொல்றேன்.”

“நானும் அதத்தான் சார் சொல்றேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் எனக்கு வரவேண்டிய நூல் வரவில்லை. கேட்டால், சரிபார்க்க ஆள் வரும், அதுவரைக்கும் நிறுத்தம் என்றார்கள். கூடவே ஒரு சேதி, நிலக்கரி எரிக்கிற பட்டறை எதுவாக இருந்தாலும் கம்பெனிப் பட்டியலில் இருந்து பேர் அடிக்கப்படும் என்று. எட்டுக் கொப்பரையும் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. சாயப்பட்டறையில் கொப்பரை காய்ந்து கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாத மாதிரி. ஆட்கள் வந்து வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். கம்பெனி ஆள் இல்லை. கம்பெனி அச்சடிக்கிற புஸ்தகத்தில் இருப்பது நிஜம்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடத்து ஆள். நாற்பத்தைந்து வயசு இருக்கும் (நி). சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் ஒரு தொங்கு தராசு, டேப்பு, அந்த நீள நோட்டு. தெள்ளார் பக்கத்துப் பெண், கூலி வேலை செய்கிற வீட்டில் இருந்து படித்து வந்தவர் என்று ஏழுமலை சொன்னான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது, அதனால் இது ‘கே’.

டீ வரவழைத்தேன். வேண்டாம் என்றார். “கணக்கு முடியறதுக்கு முன்ன கை நனைக்க மாட்டேங்க. அப்புறம் எழுத்து கோணலா வரும்.” மூன்று நாளும் தன் பாட்டில் தண்ணீரைத்தான் குடித்தார். இது இன்னாடா பேஜாரு என்று இருந்தது எனக்கு. நம் டீயைக் குடிக்காத ஆளை எந்தப் பக்கம் இருந்து பிடிப்பது?

என் தாளை எடுத்து முன்னால் வைத்தார். நூற்று நாற்பதை விரலால் தொட்டு, இது என்ன என்றார். உமி என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாய் ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்தது, அவ்வளவுதான்.

“உமிழ்றதுன்னா இன்னாங்க?”

“துப்புறது.”

“உங்க பட்டறை இன்னா துப்புது?”

நான் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. நான் தின்றதை எழுதியிருக்கிறேன், அவர்கள் கேட்டது துப்பினதை.

உமி கணக்கு வேறு கட்டம் என்று சொல்லிக் கொடுத்தார். நெல் வளரும்போது காற்றில் இருந்து இழுத்ததுதான் உமி எரியும்போது திரும்பப் போகிறது, அதனால் அதைத் தனியாக எழுதுவார்கள். பூமிக்குள் இருந்து தோண்டி எடுக்கிற டீசல், நிலக்கரி, அதோடு வெளியில் இருந்து வாங்குகிற கரண்டு இதெல்லாம்தான் முக்கியக் கட்டம். ஒரு தாளில் ஒரு வார்த்தை மாறினதற்கு என் நூல் நின்றுவிட்டது. உடனே அடித்துவிட்டுச் சரியாக எழுதிவிடலாமே மேடம் என்று பேனாவை நீட்டினேன். “மொதல்ல பாக்கணும்ங்க” என்றார்.

பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். கரண்டு மீட்டர் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. லைன்மேனே குனிந்து பார்க்காமல் என்னைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். இந்த அம்மா துப்பட்டாவை விரித்துத் தரையில் ஒருக்களித்துப் படுத்துப் படித்தார். எழுந்து தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டு ‘ப’ போட்டார்.

உமி மூட்டை ஒன்று எத்தனை கிலோ என்று கேட்டபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மில்லில் தூக்கினவன் நான். ஒரு மூட்டையைத் தோளில் போட்டு இறக்கி, “இருபத்திரெண்டு, கொஞ்சம் மேல” என்றேன். அவர் எழுதினார், பக்கத்தில் ‘நி’ போட்டார். அறுபத்தெட்டு வயசில் மூட்டை தூக்கிக் காட்டினவனுக்கு ‘நி’! ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கினதை நான் பார்த்தேன். அப்புறம் தொங்கு தராசில் மாட்டினார். முள் இருபத்திரண்டரையில் நின்றது. அந்த அம்மா தராசைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். ‘நி’யை ரப்பரால் அழித்துவிட்டு ‘ப’ போட்டார். ஆனாலும் நான் சொன்ன இருபத்திரண்டையும் அழித்துவிட்டு, இருபத்திரண்டரை என்றுதான் எழுதினார். அதோடு விடாமல் இன்னும் பத்து மூட்டையைத் தூக்கி மாட்டச் சொன்னார்.

முதல் நாளே இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். மழையாலேயோ வெயிலாலேயோ வருஷத்தில் எத்தனை நாள் வேலை கெட்டது? ஒரு நாளும் இல்லை மேடம், மழையெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது என்று மார்தட்டிச் சொன்னேன். ‘நி’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயந்தரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வேலூர் பஸ் ஏறப்போகிறேன் என்று கிளம்பினவர் அரை மணி நேரத்தில் ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டார். எதையோ மறந்துவிட்டார் போல என்று கதவைத் திறந்தால், நேராக ஜெனரேட்டரிடம் போனார். அதன் தகட்டில் இருந்த நம்பரை ஏழுமலை வாயால் சொல்ல இவர் எழுதியிருக்கிறார், எழுதிவிட்டுப் பழக்கதோஷத்தில் ‘ப’ போட்டுவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்ததாம், அது ‘கே’ ஆச்சே என்று. டார்ச் அடித்துத் தானே பார்த்தார். நம்பர் ஏழுமலை சொன்னதேதான். “அப்போ ஜல்தி பஸ்ஸப் பிடிங்க மேடம், எதுக்கு இவ்ளோ தூரம்” என்றேன். “நம்பர் சரிங்க. எழுத்துதான் தப்பா இருந்துச்சு” என்றார்.

சிரிக்கத் தெரியாத, இரக்கம் இல்லாத மனுஷி என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் பட்டறைக்குப் பின்னால் சாம்பல் மேட்டுக்குப் போனார். உமிச் சாம்பலை யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள், ஊதினால் பறக்கும். அவர் ஒரு குச்சியை எடுத்துக் கிளறினார். குச்சி எங்கேயோ டக்கென்று இடித்தது. குனிந்து கையை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் பாக்கு அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு. பாதி எரிந்த நிலக்கரி.

“இது இன்னாங்கய்யா?”

முன்னால் இங்கே ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது, அவர்கள் போட்டிருப்பார்கள் என்றேன். ஏழுமலை கையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டு ஆகாசத்தைப் பார்த்தான். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. நோட்டைத் திறந்து பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார்.

“இதுக்குப் பக்கத்துல நான் இன்னா எழுத்துங்க போடறது?”

அந்தப் பென்சில் முனையைப் பார்த்தேன். கரி எரிக்கிறவன் பேர் அடிக்கப்படும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அடித்தால் பதினெட்டுக் குடும்பம். கொல்லுப்பட்டறை என்று இன்னொரு தடவை அழுத்திச் சொன்னால் அவர் ‘கே’ போட்டுவிட்டுப் போயிருப்பார், அவரால் வேறு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பாருங்கள், என் சொல்லுக்குப் பக்கத்தில் அந்த ‘கே’ நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் தூக்கின மூட்டைக்கு ‘ப’ வாங்கினவன்.

“ஒம்போது நாளுங்க. ஒரு லாரி கரி. நான்தான் வாங்கனேன். எவனும் சொல்லல, நானே பாத்தேன்” என்றேன்.

ஏழுமலை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

‘ப’ போட்டார். போட்டுவிட்டு, எதற்கு வாங்கினீங்க என்று கேட்பார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?”

எப்படிக் கண்டுபிடித்தார் என்று திகைத்துப் போனேன். உமி பாய்லரை விட்டு ஒருத்தன் கரிக்குப் போனான் என்றால் உமி நனைந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே என்றார். கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினேன். போன மழையில் ஆற்றுத் தண்ணீர் பட்டறைக்குள் ஏறிவிட்டது. பாய்லரும் கொப்பரையும் உயரமான திண்டு மேல் இருந்ததால் தப்பித்தன, தரையில் இருந்த உமி அத்தனையும் களி. கொப்பரையில் பட்டு, பசை போவதற்காக, பாதி வெந்து சோப்புத் தண்ணியில் கிடக்கிறது, அப்படியே விட்டால் நூல் பாழ். முகூர்த்த மாசத்துப் புடவை. கரி கிடைத்தது, வாங்கிப் போட்டேன். தண்ணீர் நின்ற கறையை யாரும் பார்க்கக்கூடாது என்று சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அந்த அம்மா சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக் கறையைக் கண்டுபிடித்து டேப்பு வைத்து அளந்தார். மூன்றே கால் அடி.

“நேத்து நான் கேட்டனே, மழையால வேலை கெட்டுச்சான்னு. அதுக்கு இதாங்க பதில்” என்றார். “கரி எரிச்சத ஒரு பக்கத்துல எழுதணும். ஏன் எரிச்சீங்கன்றத இன்னொரு பக்கத்துல எழுதணும். கம்பெனில பங்கு வாங்கனவங்களுக்கு ரெண்டும் தெரியணும். அடுத்த மழைக்குப் பொடவை வருமா வராதான்னு அவங்க கேப்பாங்க இல்ல? எல்லாரும் மொதப் பக்கத்துக்கு பயந்துகினு ரெண்டாவது பக்கத்த வெள்ளையா விட்டுடறாங்க.”

“என் பேர அடிச்சிடுவாங்களே மேடம்.”

“அடிக்கலாம். அடிக்க மாட்டாங்கன்னு நான் சொன்னா அது நி.”

அப்படிப்பட்ட மனுஷி. ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டார். ஆனால் அவர் சொல்லாத அந்தப் பொய்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது. சொல்ல மாட்டார் என்றால் எனக்கு எதிராகவும் சொல்ல மாட்டார் இல்லையா?

மூன்றாம் நாள் மத்தியானம் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, “இப்போ டீ சொல்லுங்க” என்றார். இரண்டு டீ குடித்தார். சர்க்கரை தூக்கலாகக் கேட்டார். குடித்துவிட்டு, என் பழைய தாளை எடுத்து, “உமி நூத்தி நாப்பது” என்று படித்தார். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளாக அடக்கி வைத்த சிரிப்பு போல, கண்ணில் தண்ணீர் வர, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததில் ஏழுமலை சிரித்தான், அப்புறம் நானும். சிரிக்கத் தெரியாதவர் என்று போட்ட ‘நி’யை அங்கேயே அடித்தேன்.

அதற்கப்புறம் கம்பெனியில் நடந்தது எல்லாம் ‘கே’. நூல் கொடுக்கிற ஆபீசரே பின்னால் என்னிடம் சொன்னது. ஒன்பது நாள் கரி ஒரு தூசு, அதை விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். இந்தக் கிழவனையே பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். அந்த அம்மா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கரியை விட்டால் புஸ்தகத்தில் தன் கையெழுத்து விழாது, கிழவரை எடுத்துவிட்டால் மழை நின்றுவிடாது, மிச்சப் பத்தொன்பது பட்டறைச் சுவரையும் போய்ச் சுரண்டிப் பாருங்கள் என்றாராம். சுரண்டினார்கள். ஏழு பட்டறையில் சுண்ணாம்புக்கு அடியில் கறை இருந்தது. அந்த ஏழு பேரும் தாளில் ‘மழையால் பாதிப்பு இல்லை’ என்றுதான் எழுதியிருந்தார்கள், என்னை மாதிரியே. அதற்கப்புறம் பேர் அடிக்கிற பேச்சையே விட்டுவிட்டார்களாம்.

புஸ்தகத்தில் அத்தனையும் ஏறியது. மழை வந்தால் சாயப்பட்டறைகளில் எரிபொருள் நனைகிறது, நிலக்கரிக்கு மாறுகிறார்கள், நூல் தாமதமாகிறது என்று. பங்கு வாங்கினவர்களில் ஒருத்தர் கூட்டத்தில் எழுந்து, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு செய்யாமல் இருக்க முடியுமா? ஆற்றோரத்துப் பட்டறைக்கெல்லாம் தரையில் இருந்து ஐந்தடி உயரத்தில் உமி மேடையும் தகரக் கூரையும் போட்டுக் கொடுத்தார்கள்.

என் நூல் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு காலையில் போன் வந்தது, வண்டி வருகிறது, இறக்க ஆள் வையுங்கள் என்று. உமிழ்வுக் கணக்கைத் திருத்தினதில் நான் முதல் இடத்தில் இருந்து பதினாலாவது இடத்துக்கு இறங்கிவிட்டேனாம். வாழ்க்கையில் நான் பதினாலாவதாக வந்து சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டு அப்படியே ஒரு உமி மூட்டை மேல் உட்கார்ந்தேன். மூச்சு விட்டேன். “பாய்லர்ல ஸ்டீம் தொறந்த மாதிரி கீதுண்ணா” என்றான் ஏழுமலை. போய்க் கொப்பரையை நிமிர்த்துடா என்றேன்.

அடுத்த வருஷமும் ஆறு ஏறியது. பட்டறைக்குள் மூன்றடி தண்ணீர். உமி மேடை மேல் காய்ந்த உமி, கையில் எடுத்தால் சலசலவென்று கொட்டியது. பாய்லர் ஒரு நாளும் அணையவில்லை. மழை விட்ட மறுநாள் அந்த அம்மா போன் பண்ணினார். நலம் விசாரிக்கிற ஆள் இல்லை அவர்.

“கரி எவ்ளோங்கய்யா?”

“இல்லீங்க.”

“பார்த்தீங்களா?”

“மேடை மேல ஏறி நின்னுகினு பாத்தேன்.”

அந்தப் பக்கம் பென்சில் சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வைப்பதற்கு முன்னால், உங்களைப் பற்றி ஒரு நாள் எழுதப்போகிறேன், பேர் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பார்க்கிறவர் பேர் கையெழுத்தில் இருந்தால் போதும், வேறெங்கும் இருக்கக் கூடாது என்றார். அதனால்தான் இதில் அவர் பேர் இல்லை.

இப்போது கம்பெனிக்குச் சொல்கிறேன். உங்கள் போன வருஷப் புஸ்தகத்தைக் கிளார்க்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ‘எங்கள் தொடர் முயற்சியால் சாயப்பட்டறைகளில் நிலக்கரி முற்றிலும் நின்றது’ என்று போட்டிருக்கிறீர்கள். மேடை நீங்கள் போட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாம்பல் மேட்டில் நின்று, பேர் போனாலும் போகட்டும் என, ‘ஒம்போது நாள்’ என்று முதலில் வாய் திறந்தது யார்? அது நடக்காமல் இருந்தால் உங்கள் புஸ்தகத்தில் இன்றைக்கும் சுண்ணாம்புதான் இருந்திருக்கும். அந்த வரியில் ஆரணி என்று இருக்க வேண்டும், என் பட்டறைப் பேர் இருக்க வேண்டும், என் பேர் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ‘ப’ இருக்க வேண்டும்.

அந்த அம்மா தன் பேர் வேண்டாம் என்று சொன்னார். நான் சொல்லவில்லை.